ஜீவ அணுவுக்குள் ஒரு தேர்க் கூட்டம்

சில மாதங்களுக்கு முன் வகுப்பில் ஜீவ அணுவின் படத்தைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தோம். ஒரு வட்டம், நடுவில் ஒரு கரு, மற்ற இடமெல்லாம் வெறுமை. கடைசிப் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "மிச்ச இடத்தில் என்ன ஸார் இருக்கிறது?" என்று கேட்டான். "ஜலம்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டோம். இருபது வருஷங்களாக அதே படம், அதே விடை. அன்றிரவு புத்தகங்களைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் நம் விடை எவ்வளவு அரைகுறையானது என்று விளங்கிற்று.

நமது குடலில் வாழும் ஈ. கோலி என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் ஐந்நூறில் ஒரு பங்கு. அதனுள் லிட்டருக்கு 300 முதல் 400 கிராம் வரை புரதங்களும் ஆர்.என்.ஏ.க்களும் அடைந்து கிடக்கின்றன. அது ஜலம் நிறைந்த குளமன்று; தேரோட்டத்தன்று மாடவீதி எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது.

கூட்டத்தில் நடை தளரும் அல்லவா? ஜெல்லி மீனிலிருந்து கிடைத்த, பச்சை ஒளி வீசும் புரதம் ஒன்று உண்டு. அது இந்தப் பாக்டீரியாவுக்குள் பரவும் வேகத்தை 1999-ல் அளந்தார்கள். வெறும் தண்ணீரில் பரவும் வேகத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. ஆனால் ஏன் இவ்வளவு மந்தம்? இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. ஆகவே விஞ்ஞானிகள் கம்ப்யூட்டரை நாடினார்கள்.

முறை எளிதானதே. ஒவ்வொரு மூலக்கூறும் எங்கே இருக்கிறது, அதன்மீது என்ன விசை செயல்படுகிறது என்று கணக்கிட்டு, அதை இம்மியளவு நகர்த்த வேண்டும். பிறகு மறுபடியும் கணக்கிட வேண்டும். ஒவ்வோர் அணுவாகக் கணக்கிடுவதானால், ஒரு விநாடியைப் பத்துக் கோடி கோடிப் பங்குகளாக்கி, பங்கு பங்காக முன்னேற வேண்டும். 1977-ல் மார்ட்டின் கார்ப்ளஸும் அவருடைய சகாக்களும் ஒரே ஒரு சிறு புரதத்தின் அசைவை முதன்முதலாக இவ்விதம் கணக்கிட்டார்கள். அவர்கள் கண்ட காலம், ஒரு விநாடியின் லட்சம் கோடிப் பங்குகளில் பத்துப் பங்குகூட இல்லை! அந்த விதையிலிருந்து வளர்ந்த துறைக்காக 2013-ல் கார்ப்ளஸ், லெவிட், வார்ஷெல் ஆகிய மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

பாக்டீரியாவின் நெரிசல் கணக்குக்கு வருவோம். 2010-ல் அமெரிக்காவில் இரண்டு விடைகள் வெளியாயின. ஐயோவா ஸர்வகலாசாலையைச் சேர்ந்த மக்கஃபியும் எல்காக்கும் 50 வகைகளில் சுமார் ஆயிரம் பெரிய மூலக்கூறுகளை ஒரு கற்பனைப் பெட்டியில் அடைத்து ஓடவிட்டார்கள். மூலக்கூறுகள் ஒன்றையொன்று சிறிது பற்றி இழுக்கின்றன என்று வைத்துக்கொண்டதும் கணக்கு அளவையோடு ஒத்துவந்தது. ஜார்ஜியாவைச் சேர்ந்த ஆண்டோவும் ஸ்கோல்னிக்கும் வேறொன்று சொன்னார்கள். தெப்பக்குளத்தில் ஒருவன் கையை வீசினால் பக்கத்தில் நீந்துகிறவனையும் அலை தள்ளுகிறதல்லவா? அதுபோல ஒரு மூலக்கூறு நகரும்போது இடையிலுள்ள நீர் மற்றவற்றின் நடையையும் பாதிக்கிறது. நெரிசலோடு இதையும் சேர்த்தால் போதும் என்றார்கள். அவர்கள் கணக்கும் அளவையோடு ஒத்துவந்தது!

விடை ஒன்று, வழி இரண்டு. விடை சரியாக வந்துவிட்டால் வழியும் சரியென்று மார்க் போட்டுப் பழகிய நமக்கு இது நல்ல பாடம். இது வெறும் பண்டிதர் சண்டையுமன்று. சோதனைக் குழாயின் தெளிந்த நீரில் நன்கு வேலை செய்யும் மருந்து, இந்த நெரிசலில் தன் இலக்கை எவ்வாறு சென்றடையும் என்பது இந்த விவகாரம் தீர்வதைப் பொறுத்தது. பின்னர் 2016-ல் ஜப்பானியரும் அமெரிக்கரும் கூடி, வேறொரு சிறிய பாக்டீரியாவின் உள்ளீட்டில் ஒரு பகுதியை 10 கோடிக்கு மேற்பட்ட அணுக்களோடு கணக்கிட்டார்கள். நெரிசலில் புரதங்கள் ஒன்றோடொன்று உறவாடுவதால் சிலவற்றின் உருவமே தளரக்கூடும் என்று அதில் கண்டார்கள்.

இந்தத் துறையில் நமக்கும் ஒரு பெருமை உண்டு. ஒரே இடத்தில் இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பதுதான் நெரிசல் கணக்குகளுக்கெல்லாம் அடிப்படை. சென்னை ஸர்வகலாசாலையில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் இதே எளிய நியதியைப் பிடித்துக்கொண்டு, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் முறுக்கிக்கொள்ள முடியும் என்று 1963-ல் படம் போட்டுக் காட்டினார்கள். உலகத்தில் எங்கே புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், அது சரிதானா என்று இன்றும் அந்தப் படத்தை வைத்தே பரிசோதிக்கிறார்கள்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பையனை எழுப்பி, "நேற்றுச் சொன்ன விடை போதாது அப்பா" என்று ஒப்புக்கொண்டோம். படத்தின் வெறுமையைச் சுண்ணக்கட்டியால் நிரப்பிக் காட்டி, இரண்டு கணக்குகளின் கதையையும் சொன்னோம். "எந்தக் கணக்கு ஸார் சரி?" என்றான். இந்தத் தடவை அவனை உட்காரச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.