வியர்க்கும் உள்ளங்கை, நனையும் உள்ளங்கால்: என்ன சிகிச்சை?

தேர்வு எழுதும்போது கைக்கு அடியில் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இல்லையென்றால் விடைத்தாள் நனைந்து மை கலைந்துவிடும். ரேஷன் கடைக் கைரேகைக் கருவியும் இவர்கள் விரலை எளிதில் ஏற்காது. துடைத்துத் துடைத்து மறுபடி வைக்க வேண்டும். “பயப்படாதே, சரியாயிடும்” என்பார்கள் வீட்டில். பயத்தில் வியர்வை கூடும்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும், ஏ.சி. அறையிலும் கை சொட்டினால் அது சுபாவம் அல்ல, தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டிய பிரச்சினை.

எதனால் வருகிறது?

வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருப்பது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான். இவர்களுக்குச் சுரப்பியில் கோளாறு இருக்காது. அதைத் தூண்டும் பரிவு நரம்புகள் தேவைக்கு மேல் வேலை செய்கின்றன. சிறு வயதிலோ பதின்பருவத்திலோ தொடங்கும். இரண்டு பக்கமும் ஒரேபோல வியர்க்கும், தூங்கும்போது நின்றுவிடும். அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது இருப்பதும் சகஜம்.

நடுத்தர வயதில் புதிதாக ஆரம்பித்து, உடம்பு முழுக்க, இரவில் படுக்கை நனைய வியர்த்தால் கதை வேறு. தைராய்டு, காசநோய், சர்க்கரை, சாப்பிடும் மாத்திரை என்று காரணத்தைத் தேட வேண்டும். எடையும் குறைந்தால் தள்ளிப்போடவே கூடாது.

முதலில் பூச்சு

அலுமினியம் குளோரைடு கலந்த பூச்சு மருந்தில்தான் பெரும்பாலும் தொடங்குவார்கள். 20 சதவீதக் கரைசல் வழக்கமானது. காலையில் குளித்த ஈரத்தோடு பூசினால் கை காந்தும், பலனும் இருக்காது. இரவு படுக்கப்போகும் முன், ஃபேன் காற்றில் கையை நன்றாக உலர்த்திப் பூச வேண்டும். வியர்வை ஓய்ந்த நேரத்தில்தான் மருந்து சுரப்பியின் வாய்க்குள் இறங்கி அடைக்கும். காலையில் கழுவிவிடலாம். குறைந்ததும் வாரம் ஓரிரு முறை போதும்.

தண்ணீரும் மின்சாரமும்

பூச்சு கேட்காவிட்டால் அடுத்தது ‘அயன்டோஃபோரெசிஸ்’. இரண்டு தட்டுகளில் தண்ணீர் ஊற்றி, கைகளையோ கால்களையோ வைத்து, 15 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்சாரத்தை 20, 30 நிமிடம் செலுத்துவார்கள். சுருசுருவென்று இருக்கும், அவ்வளவுதான். முதல் சில வாரங்களுக்கு வாரம் மூன்று தடவை, பிறகு வாரத்துக்கு ஒன்று. விட்டுவிட்டால் வியர்வை திரும்பிவிடும். குழாய்த் தண்ணீரே நல்லது. உப்பு நீங்கிய ஆர்.ஓ. தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது கூடாது. வீடியோ பார்த்து இந்தக் கருவியை வீட்டில் செய்து பார்ப்பது ஆபத்து.

மாத்திரையும் ஊசியும்

கிளைக்கோபைரோலேட், ஆக்சிபியூட்டினின் மாத்திரைகள் கையோடு வாயையும் கண்ணையும் சேர்த்து உலர்த்தும். மலச்சிக்கல் வரலாம். நம் ஊர் சித்திரை வெயிலில் வேலை செய்பவருக்கு உடம்பு முழுக்க வியர்வை நின்றால் வெப்பத்தாக்கம் வரும் அபாயம் உண்டு. கண் அழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

போடாக்ஸ் ஊசி பல மாதம் தாங்கும். செலவு அதிகம், உள்ளங்கை முழுக்கக் குத்துவதால் மரத்துப்போகச் செய்துதான் போடுவார்கள். சில வாரம் விரல் பிடிப்பு தளரலாம். தையல், தட்டச்சு வேலை செய்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சை

நெஞ்சில் துளையிட்டுப் பரிவு நரம்பைத் துண்டிப்பார்கள். கை உடனே உலர்ந்துவிடும், உண்மைதான். ஆனால் பலருக்கு அந்த வியர்வை முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் கொட்டத் தொடங்கும். வந்துவிட்டால் அதற்கு நிச்சயமான தீர்வு இல்லை. வெட்டிய நரம்பை ஒட்டவைக்கவும் முடியாது. கால் வியர்வைக்கும் இதை நம்ப முடியாது. கல்யாணம் நிச்சயமாகிவிட்டதென்று அவசரமாக இதற்குப் போவது தவறு. மற்றதெல்லாம் தோற்ற பிறகு எடுக்க வேண்டிய முடிவு இது.

காலுக்குத் தனிக் கவனம்

ஒரே ஷூவைத் தினமும் போடாமல் ஒரு ஜோடியைக் காயவிட்டு மற்றதைப் போடுங்கள். மதியம் சாக்ஸை மாற்றுங்கள். உள்ளங்காலில் குண்டூசி குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழிகளும் துர்நாற்றமும் இருந்தால் அது பாக்டீரியாத் தொற்று. ஆன்டிபயாடிக் களிம்பில் பெரும்பாலும் சரியாகும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.