ஓடட்டும் நம் பெண்மக்கள்

நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படிக்கும் சிறுமியரை இடைவேளையில் பாருங்கள். மணி அடித்ததும் அவர்கள் நடப்பதில்லை, ஓடுகிறார்கள். வேப்ப மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறார்கள், விழுகிறார்கள், முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு மறுபடியும் ஓடுகிறார்கள். அதே சிறுமியர் எட்டாம் வகுப்பிற்கு வந்தபின் பாருங்கள். மைதானத்தின் ஓரத்தில், தாவணியையோ துப்பட்டாவையோ சரிசெய்துகொண்டு, சுவரோடு ஒட்டி நிற்கிறார்கள். ஓடக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. "வயதுக்கு வந்த பெண்ணுக்கு ஓட்டம் எதற்கு?" என்ற ஒரே கேள்வி அவர்களை நிறுத்திவிட்டது.

நின்றுபோவது கால்கள் மட்டும் அல்ல. "என்னால் முடியும்" என்ற எண்ணமும் அங்கேயே தயங்கி நின்றுவிடுகிறது. தன் உடலை மறைக்க வேண்டிய பொருளாக மட்டுமே எண்ணப் பழகும் பெண், தன் கருத்தையும் மெல்ல மெல்ல மறைக்கக் கற்றுக்கொள்கிறாள். பெற்றோராகிய நாம் சிந்திக்க வேண்டியது இதுவே.

சக்கிமங்கலத்துப் பெண்

மதுரை நகருக்குக் கிழக்கே சக்கிமங்கலம் என்றொரு ஊர் உண்டு. அவ்வூரில் பிறந்த ரேவதி வீரமணி சிறுமியாக இருந்தபோதே தந்தையையும், அடுத்துச் சில மாதங்களில் தாயையும் இழந்தார். அவரையும் அவருடைய தங்கையையும் வளர்த்தவர் தாய்வழிப் பாட்டி ஆரம்மாள். வயல் வேலையிலும் கூலி வேலையிலும் வந்த சொற்பக் காசில் இரு பேத்திகளைக் காப்பாற்றினார் அந்த மூதாட்டி. பெண்பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிவிடலாமே என்று சுற்றியிருந்தோர் கூறிய அறிவுரைக்கு அவர் செவிசாய்க்கவில்லை. இருவரும் படிக்கட்டும் என்று உறுதியாக நின்றார்.

ரேவதி பன்னிரண்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, பள்ளிகளுக்கிடையிலான போட்டியொன்றில் பயிற்சியாளர் கண்ணன் அவரது ஓட்டத்தைக் கண்டார். அக்காலத்தில் ரேவதி வெறுங்காலுடன்தான் ஓடினார். கால்களில் காலணி இல்லாததைப் பலரும் பார்த்திருப்பார்கள். அக்கால்களில் இருந்த ஆற்றலைக் கண்டவர் கண்ணன். பயிற்சிக்கு அனுப்பப் பாட்டி முதலில் தயங்கினார். தயங்கியதில் வியப்பு என்ன? அன்றாடக் கூலியில் வாழும் வீட்டில் பேருந்துக் கட்டணமும் ஒரு செலவல்லவா? கண்ணன் பொறுமையோடு பேசிப் பாட்டியை இசையச் செய்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் ரேவதிக்கு இடமும் விடுதியில் தங்க வசதியும் கிடைக்க உதவினார். 1948-இல் தொடங்கப்பெற்ற அக்கல்லூரி, தென்மாவட்டப் பெண்கள் பல தலைமுறையினருக்குக் கல்விக் கதவைத் திறந்த நிலையம்.

2016-இல் கோவையில் நடைபெற்ற தேசிய இளையோர் போட்டியில்கூட ரேவதி வெறுங்காலுடனேயே ஓடினார். பின்னர் ஓட்டக் காலணி வந்தது. பட்டியாலாவில் நடந்த தேசியப் பயிற்சி முகாமில் இடமும் கிடைத்தது. 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக் போட்டியில், ஆடவரும் மகளிரும் சேர்ந்து ஓடும் 4x400 மீட்டர் தொடரோட்டத்தில் அவர் இந்தியாவுக்காக ஓடினார். அந்த நால்வரில் ரேவதி, சுபா வெங்கடேசன், ஆரோக்கிய ராஜீவ் ஆகிய மூவர் தமிழ்நாட்டவர். அணி இறுதிப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை, பதக்கமும் இல்லை. எனினும், சக்கிமங்கலத்துப் பாட்டியின் பேத்தி உலகத்தின் முன் நிமிர்ந்து நின்றாளே, அதற்கு எந்தத் தராசில் எடை போடுவது?

பதக்கத்தினும் பெரிது

வெற்றி ஒன்றையே குறிக்கோளாகக் கொண்டால் வரும் ஆபத்தையும் நாம் மறத்தலாகாது. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், 2006-இல் தோகாவில் நடந்த ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பாலினப் பரிசோதனை ஒன்றைக் காரணம் காட்டி அப்பதக்கம் பறிக்கப்பட்டது. ஊரெல்லாம் பேசிய பேச்சு அவரை வாழ்வின் விளிம்பிற்கே தள்ளியது. செங்கல் சூளையில் வேலை செய்து பிழைக்கும் நிலையும் வந்தது. ஆயினும் அவர் எழுந்தார். பயிற்சியாளருக்கான படிப்பை முறைப்படி முடித்து, ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்பிப்பவரானார். ஒரு பெண்ணின் மதிப்பு அவள் கழுத்தில் தொங்கும் பதக்கத்தில் இல்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பெண்களால் இயலாது என்ற தீர்ப்பை உலகமும் அவசரப்பட்டு எழுதியதுண்டு. 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முறையாக மகளிர் 800 மீட்டர் ஓடினர். ஓடி முடித்த சிலர் களைத்துச் சாய்ந்ததைப் பெரிதாக்கி, பெண்ணுடல் இதற்கு ஏற்றதன்று என்று செய்தித்தாள்கள் எழுதின. அந்த ஓட்டம் நீக்கப்பட்டது. 32 ஆண்டுகள் கழித்து, 1960-இல் ரோமில்தான் திரும்பி வந்தது. மகளிர் மாரத்தான் 1984-இல்தான் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. களைத்துச் சாய்ந்த ஆண்களைப் பார்த்து எவரும் அவ்வாறு தீர்ப்பெழுதியதாகத் தெரியவில்லை!

ஓட்டப் பயிற்சியைத் தன்மதிப்புப் பயிற்சியாகவே வகுத்தவர்களும் உண்டு. 1996-இல் அமெரிக்காவின் சார்லட் நகரில் மாலி பார்க்கர் என்ற பெண்மணி 13 சிறுமியரைச் சேர்த்து 'கேர்ள்ஸ் ஆன் த ரன்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். ஊதியம் பெறாத தொண்டர்களே அங்கே பயிற்சியாளர்கள். சில வாரங்கள் சேர்ந்து ஓடி, சேர்ந்து பேசி, முடிவில் எல்லாரும் 5 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்கிறார்கள். முதலில் வருபவள் யார் என்பது அங்கே பெரிய செய்தியன்று. ஒவ்வொருத்தியும் முடிக்கிறாள் என்பதே செய்தி.

நாம் செய்யக்கூடியது

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. கோவிலை ஒட்டிய மைதானங்களும் பள்ளி மைதானங்களும் பெரும்பாலான மாலை வேளைகளில் வெறுமையாகவே கிடக்கின்றன. ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியை, கல்லூரியில் விளையாடிப் பழகிய மருமகள், சுறுசுறுப்பான ஒரு சகோதரி என வாரத்தில் இரு நாள் ஒரு மணி நேரம் தர முன்வருவோர் இருவர் போதும். இருவர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சிறுமியரோடு எப்போதும் இரு பெரியவர்கள் இருப்பது பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு, தொண்டருக்கும் பாதுகாப்பு. பெற்றோரின் இசைவைப் பெற்ற பின்னரே தொடங்க வேண்டும்.

மதுரை வெயில் நாமறிந்ததே. ஆகவே காலை ஏழு மணிக்கு முன்னரோ, மாலை ஐந்து மணிக்குப் பின்னரோ ஓட வேண்டும். தரையில் கருவேல முள்ளும் கண்ணாடித் துண்டும் இல்லாதபடி முதலில் பெருக்கிவிடுங்கள். குடிநீர், உடை மாற்றிக்கொள்ள ஒரு மறைவிடம், கழிப்பறை ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. பெண்பிள்ளைகள் பயிற்சிக்கு வராமல் நின்றுவிட இவை இல்லாமையே பல வேளைகளில் காரணமாகிறது. மாதவிலக்கு நாட்களில் ஓடுவதா, ஓய்வதா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும்; வெட்கமின்றிச் சொல்லும் சூழல் இருந்தால் போதும்.

தொடக்கத்தில் விரைவு வேண்டாம். பக்கத்தில் வருபவளோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகமே சரியான வேகம். மூச்சு வாங்கினால் நடக்கட்டும், பிறகு ஓடட்டும். ஒருத்தியின் நேரத்தை அவளுடைய சென்ற வார நேரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள், அடுத்தவளோடு வேண்டாம். நிறத்தைப் பற்றியோ பருமனைப் பற்றியோ ஒரு சொல்லும் பயிற்சியாளர் வாயிலிருந்து வரலாகாது. அணித் தலைமை வாரந்தோறும் மாறட்டும், அப்போதுதான் பின்வரிசைப் பிள்ளையும் ஒருநாள் "ஓடுங்கள்!" என்று கட்டளையிடுவாள்.

எளிதில் சோர்ந்துபோகும் பெண்ணைச் சோம்பேறி என்று ஏசிவிடாதீர்கள். 2019 முதல் 2021 வரை நடத்தப்பெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, கடலை ஆகியவற்றோடு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்யுங்கள். அண்ணனுக்கு முட்டை, தங்கைக்குக் குழம்பு என்ற வழக்கம் வீட்டில் இருக்குமாயின், அதையும் கவனிக்க வேண்டும்.

யாருக்கு வாய்ப்பு?

ஊர் என்ன சொல்லுமோ என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. பயிற்சியாளரின் பணி மைதானத்தில் மட்டும் நடப்பதன்று. அந்த வீட்டுத் திண்ணையிலும் நடக்கிறது. அம்மாவிடம், அப்பாவிடம், பாட்டியிடம் உட்கார்ந்து பேச வேண்டும். ஒருமுறை பேசி இசையாவிட்டால் மறுமுறையும் பேச வேண்டும். கண்ணன் அன்று ஆரம்மாளிடம் பேசாமல் திரும்பியிருந்தால், டோக்கியோவில் ஓடியவர்கள் வரிசையில் மதுரைப் பெண் இருந்திருக்க மாட்டாள்.

எல்லாச் சிறுமியரும் ஒலிம்பிக்கிற்குச் செல்லப் போவதில்லை. செல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் ஐந்து கிலோமீட்டர் தூரத்தைத் தன் காலால் கடந்த பெண், நாளை படிப்பு வேண்டும் என்றோ, இந்தத் திருமணம் இப்போது வேண்டாம் என்றோ சொல்ல நேரும்போது குரல் நடுங்காமல் சொல்வாள். புனித சின்னப்பர் விசுவாச வாழ்வை விளக்க ஓட்டப் பந்தயத்தை உவமையாக எடுத்தாண்டது நமக்குத் தெரியும். அந்த உவமையை நம் பெண்மக்கள் கோவிலில் கேட்டால் மட்டும் போதாது, ஓடியும் அறியட்டும்.

அன்பார்ந்த பெற்றோரே, வரும் ஞாயிறு உங்கள் மகளைக் கேளுங்கள்: "ஓட உனக்கு ஆசையா?" ஆம் என்பாளாயின், அவளோடு மைதானம் வரை நடந்து செல்லுங்கள். அதற்கப்பால் அவளே ஓடிக்கொள்வாள்.