மோசேயின் கட்டளையும் தோட்டத்துத் தராசும்

எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களிலும், பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் திருவிழாக் காலத்தில் ஒரு காட்சியைக் காணலாம். முனியாண்டி சுவாமிக்குக் கிடாய் வெட்டிய அன்று மாலையில், லயத்தின் ஒரு காம்பராவிலிருந்து அடுத்த காம்பராவுக்கு மூடிய பாத்திரத்திற் கறி போகும். அடுத்த காம்பராவில் இருப்பது கிறிஸ்தவக் குடும்பமானால், வாங்கும் தாயின் கை ஒரு கணம் தயங்கும். ஞாயிறு பாடசாலைக்குப் போகும் மகன் வேதப்புத்தகத்தைப் புரட்டி, "அம்மா, இது விலக்கப்பட்டது என்று மோசே எழுதியிருக்கிறாரே!" என்பான். அவனுக்கு மூத்தவளோ, "அதே புத்தகத்தில் பன்றியிறைச்சியுந்தான் விலக்கப்பட்டிருக்கிறது. போன நத்தாருக்கு நம் வீட்டிற் சமைத்தது என்னவாம்?" என்று மடக்குவாள்.

இது சிறுபிள்ளைகளின் வாதந்தானே என்று தள்ளிவிடத்தக்கதன்று. எபிரெயரின் பழைய சட்டங்கள் இன்றைய கிறிஸ்தவரை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பது இரண்டாயிரம் ஆண்டுகளாகத் திருச்சபையை அலைத்த வினா. நம் தமிழகத்திலும் ஈழத்திலும் அது ஒருகாலத்திற் பெரும் புயலையே எழுப்பிற்று.

மாற்றுச் சமயத்து வாசகர்களுக்காக ஓரிரு சொற் கூறிவிடுவோம். வேதாகமத்தின் முதல் ஐந்து நூல்கள் யூதருக்கு முதன்மையான மறை. அவற்றிலுள்ள விதிகளை யூத அறிஞர் 613 எனக் கணக்கிட்டனர். பலியிடும் முறை, உண்ணத் தக்கதும் தகாததும், தீட்டு, ஓய்வுநாள், கடன், கூலி, அளவை, அந்நியனை நடத்தும் விதம் யாவும் அவற்றுள் அடங்கும். இவ்வைந்து நூல்களுக்கும் தமிழிற் பெயரிட்டவர்கள் ஆதியாகமம், யாத்திராகமம், உபாகமம் என 'ஆகமம்' என்ற சொல்லையே எடுத்தாண்டனர். சைவக் கோயிற் கிரியைகளை வகுக்கும் நூல்களுக்கும் அதுவே பெயர் என்பதை எல்லோரும் அறிவர். இப்பொருத்தத்தைக் கூரிய கண்ணோடு கண்டவர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார்.

அவர்தாம் நல்லூர் ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரின் கீழ் வேதாகம மொழிபெயர்ப்பிற் பல ஆண்டு உழைத்தவர் ஆதலின், எபிரெயரின் கோயில், பலிபீடம், தூபம், விளக்கு, ஆசாரியரின் உடை, சுத்தி விதிகள் அனைத்தும் அவருக்கு மனப்பாடம் எனலாம். 1854-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட 'சைவ தூஷண பரிகாரம்' என்னும் நூலில் அந்த அறிவையே ஆயுதமாக்கினார். எங்கள் கிரியைகளைப் பழிக்கின்றீர்களே, உங்கள் வேதத்திலும் கடவுளே அத்தகைய கிரியைகளை விதித்திருக்கின்றாரே என்பது அவர் எழுப்பிய வினாவின் சாரம். அவை கிறிஸ்துவோடு முடிந்துவிட்டன என்று பாதிரிமார் விடை கூறினர். அவ்விடை கிறிஸ்தவருக்குப் போதுமானதாயிருக்கலாம். ஆயினும் பிறருடைய கிரியையைக் கண்டு நகைக்கும் உரிமை அந்த விடையினால் யாருக்கும் கிடைத்துவிடவில்லை. நாவலரை மறுப்போரும் இவ்வளவையேனும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

மூன்றாண்டு கழித்து, கடலுக்கு அப்பால், வேறொரு திசையிலிருந்து அதே வினா கிளம்பிற்று. திருநெல்வேலிச் சீமையில் நாசரேத்தை அடுத்த மூக்குப்பீறியில் 1857-ஆம் ஆண்டில் அருமைநாயகம் சட்டம்பிள்ளை என்பார் ஐரோப்பிய மிஷனரிமாரை விட்டுப் பிரிந்து ஒரு சபையை நிறுவினார். (பெயரிலேயே சட்டம் இருப்பதைக் கண்டு மாணவ வாசகர் புன்முறுவல் செய்யலாம்.) கிறிஸ்துவை விட்டுவிட அவர் விரும்பினாரல்லர், வெள்ளைக்காரரின் வழக்கங்களையே விட விரும்பினார். கிறிஸ்து யூதர்; அவர் வழிபட்ட முறை கீழைத்தேச முறை; ஆகவே அம்முறையை அறிய இங்கிலாந்தைப் பார்ப்பானேன், பழைய ஏற்பாட்டைப் பார்த்தாற் போதுமே என்று அவர் வாதித்தார். அவருடைய சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டது. தூபம் இட்டது, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கிற்று, யூதப் பண்டிகைகளைக் கொண்டாடிற்று. பெண்களின் தீட்டு விதிகளையும் கைக்கொண்டது.

சட்டம்பிள்ளையின் மனத்தாங்கலில் நியாயம் இருந்தது. தம் மக்களைத் தாழ்த்தி எழுதிய எழுத்துக்களையும், மிஷனரிமாரின் அதிகாரப் போக்கையும் கண்டு கொதித்தவர் அவர். ஆயினும் அவர் கண்ட பரிகாரத்தை நாம் ஏற்க இயலவில்லை. ஏனெனில் அவர் கேட்ட வினாவுக்கு ஆதிச் சபையே ஒருமுறை விடை கூறிவிட்டது. யூதரல்லாதார் கிறிஸ்தவராகும்போது மோசேயின் சட்டம் முழுவதையும் சுமக்க வேண்டுமா என்று முதல் நூற்றாண்டின் நடுவில் எருசலேமில் அப்போஸ்தலர் கூடி ஆராய்ந்தனர். வேண்டா என்பது முடிவு. விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெரிக்கப்பட்டுச் செத்தது, ஒழுக்கக்கேடு ஆகியவற்றை விலக்கினாற் போதும் என்று கடிதம் எழுதி அனுப்பினர். யூதரும் பிறரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண வழிசெய்தலே இவ்விதியின் நோக்கம் எனப் பலர் விளக்குவர். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கி.பி. 70-இல் உரோமர் எருசலேம் ஆலயத்தை அழித்தபின், யூதருக்கும் பலியிட இடமில்லாமற் போயிற்று. அன்றுதொட்டு ஜெபமும் தருமமும் மறையோதுதலுமே அவர்களுடைய வழிபாட்டின் நடுநாயகமாயின. பழைய சட்டத்தை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றுதல் அதற்குரிய மக்களாலேயே கூடாததாயிற்று.

நிற்க. சட்டம் முழுதும் கட்டாயமன்று என்றால், முழுதும் தள்ளுபடி என்பது பொருளாகுமோ? ஆகாது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த தோமஸ் அக்குவினாஸ் முதலியோர் அச்சட்டத்தை மூன்று கூறாக்கினர்: ஒழுக்கவிதி, சடங்குவிதி, நாட்டு நிருவாகவிதி. முதலாவது என்றும் நிலைக்கும்; இரண்டாவது கிறிஸ்துவில் நிறைவெய்தி ஓய்ந்தது; மூன்றாவது பழைய இஸ்ரவேல் நாட்டோடு போயிற்று, அதிலுள்ள பொதுநீதி மட்டும் நிற்கும் என்பர். ஆங்கிலிக்க சபையின் முப்பத்தொன்பது பிரமாணங்களும் ஏறக்குறைய இவ்வழியிற் செல்கின்றன. இது பயனுள்ள சுளகுதான். ஆனால் மூலநூலில் நெல்லும் பதரும் இவ்வாறு பிரித்து வைக்கப்படவில்லை. லேவியராகமத்தின் 19-ஆம் அதிகாரத்தில், உன்னைப்போற் பிறனையும் நேசி என்ற பொருளுள்ள கட்டளைக்கு அடுத்த வசனத்திலேயே இருவகை நூல் கலந்த ஆடையை உடுத்தாதே என்ற விதி வருகின்றது! ஒன்றை இயேசுநாதரே தலையாய கட்டளைகளுள் ஒன்றாக எடுத்துரைத்தார். மற்றதை இன்று கடைக்குப் போய்ச் சட்டை வாங்கும் எந்தக் கிறிஸ்தவரும் நினைப்பதில்லை.

ஆதலின் நாம் வேறொரு கேள்வியையும் உடன் வைத்துக்கொள்ள விரும்புகின்றோம். இவ்விதி அந்நாளில் யாரைக் காப்பாற்ற எழுந்தது என்பதே அக்கேள்வி. ஓர் உதாரணம் பாருங்கள். புதுவீடு கட்டுபவன் மெத்தையைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும், யாராவது விழுந்து இறந்தால் அந்தப் பழி வீட்டைச் சாரும் என்கின்றது உபாகமம். லயத்துக் கூரையோ தகரம். அதன்மேல் உலாவுவார் எவருமிலர். அதனால் இவ்விதி நமக்கு இல்லையென்று சொல்லிவிடலாமா? இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் மண்சரிவுக்குப் பேர்போனவை. சரிவின் அடியில் மனிதரைக் குடியிருத்தி, மழை கொட்டும்போது அவர்கள் தலைவிதியென்று இருப்பவர் எவரோ அவருக்கு அந்தக் கைப்பிடிச்சுவர் விதி இன்னும் காலாவதியாகவில்லை.

கூலி பற்றிய விதியை எடுத்துக்கொள்வோம். ஏழைக் கூலியாளன் உன் சகோதரனாயினும் சரி, உன் ஊரில் தங்கிய அந்நியனாயினும் சரி, அவனை ஒடுக்காதே. பொழுது சாயுமுன் அவன் கூலியைக் கொடு என்பது அதன் கருத்து. ஒரே பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு படிக்கற்கள் வைத்திருப்பதை அச்சட்டம் அருவருப்பு என்கின்றது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இதற்கு வியாக்கியானம் வேண்டியதில்லை. சாக்குக்கு இவ்வளவு, மழைநீருக்கு இவ்வளவு, முற்றின இலைக்கு இவ்வளவு என்று கழித்துக் கழித்து, நிர்ணயித்த இறாத்தலுக்கு அல்லது கிலோவுக்குச் சற்றே குறைந்துவிட்டால் 'அரைப்பேர்' என்று எழுதிவிடும் வழக்கம் தோட்டங்களின் பழைய முறைப்பாடு. தராசு நேராயிருத்தல் சமயச் சடங்கோ நாட்டு நிருவாகமோ என்று பண்டிதர் ஆராயட்டும். கூடை சுமந்தவளுக்கு அது சோறு. அதே விதி மறுபுறமும் வெட்டும் என்பதையும் மறைத்தலாகாது. இறப்பர்ப் பால் அளக்குமுன் வாளியில் நீர் கலக்கும் கையும் கள்ள அளவை அளக்கும் கைதானே?

இவ்விடத்தில் வரலாறு நம்மைச் சற்று நாணச் செய்கின்றது. நாவலர் நூல் வெளிவந்த அதே 1854-இற்றான் கண்டிச் சீமைத் தோட்டத் தமிழருக்கெனத் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கப்பட்டது. அதற்குக் கைகொடுத்தோர் தோட்டத்துரைமார். உபதேசியாராக வந்தோருட் பலர் திருநெல்வேலியார். பதினோராண்டு கழித்து வந்த 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டமோ, ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டு ஓடும் தொழிலாளியைச் சிறையிலிட வழிசெய்தது. எசமானிடமிருந்து தப்பி உன்னிடம் வந்த அடிமையை அவனிடம் திருப்பி ஒப்படைக்காதே என்ற விதி உபாகமத்தில் இருக்கின்றது. ஞாயிறுதோறும் அந்நூலைக் கேட்ட துரைமாரில் எத்தனை பேர் காதில் அவ்வசனம் விழுந்ததோ! கடனைச் சுமத்தித் தொழிலாளியைக் கட்டிப்போட்ட 'துண்டு' முறை 1921-இற்றான் ஒழிந்தது. ஏழாண்டுக்கொருமுறை கடனை விடுதலை செய்யச் சொன்ன சட்டத்தைக் கையிலே வைத்திருந்தோரின் ஆட்சியிலேயே, பிறக்கும்போதே கடனோடு பிறந்த தலைமுறைகள் இம்மலைகளில் வாழ்ந்தன.

அந்நியனைப் பற்றிய கட்டளையோ நம் மக்களுக்கு இன்னும் நெருங்கியது. நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்தீர்கள், ஆகவே உங்கள் நடுவில் வாழும் அந்நியனை உங்களைப்போல் நேசியுங்கள் என்பது அதன் சாரம். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964-இல் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலையெண்ணிப் பங்கிட்டது. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எஞ்சியிருந்தோர் வினை தீர்ந்தது. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறு தீவுகள் போற் கிடக்கும் சப்பிரகமுவத் தோட்டங்களில் 1977-இலும் 1981-இலும் 1983-இலும் லயங்கள் எரிந்ததைக் கண்ட முதியோர் இன்னும் இருக்கின்றனர். இவர்களிடம் போய் லேவியராகமம் பழைய யூதக் கதை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஓய்வுநாளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். சனியா ஞாயிறா என்ற சண்டை இன்றும் சில இடங்களிற் கேட்கின்றது. ஆனால் அக்கட்டளையை வாசித்தால், வேலைக்காரனும் வேலைக்காரியும் மாடும் அந்நியனும் இளைப்பாறவேண்டும் என்றே விரித்துச் சொல்கின்றது. உபாகமம் அதற்குக் காட்டும் காரணமும், நீ அடிமையாயிருந்தாய் என்பதே. ஞாயிற்றுக்கிழமையிலும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போகும் தாயைக் கோயிலுக்கு வரவில்லையே எனக் கடிவோர், ஆறுநாட் கூலி அவள் அடுப்புக்குப் போதுமா என்பதையும் வினவுதல் வேண்டும்.

தசமபாகம் பற்றியும் ஒரு சொல். பத்தில் ஒன்று கொடு என்று மேடையிற் பழைய சட்டத்தைக் காட்டுவோர் உளர். மூன்றாம் ஆண்டுத் தசமபாகத்தை ஊரிலேயே வைத்து, லேவியனோடு அந்நியனும் அநாதையும் விதவையும் வயிறார உண்ணவேண்டும் என்று அதே சட்டம் சொல்வதை மட்டும் ஏனோ அவர்கள் வாசிப்பதில்லை. தீட்டென்று பெண்களைக் கோயில் வாசலில் நிறுத்த அச்சட்டத்தைத் தேடுவோரும் அப்படியே. பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கால் வருந்திய பெண் தம் ஆடையைத் தொட்டபோது இயேசுநாதர் சினந்தாரா? மகளே என்றழைத்துச் சமாதானத்தோடு போகச் சொன்னார்.

இனி அந்தக் கறிப்பாத்திரத்துக்கு வருவோம். சந்தையில் விற்பதையும் விருந்தில் வைப்பதையும் ஆராயாமல் உண்ணலாம், ஆயினும் இது படைத்தது என்று ஒருவர் சொல்லிக் காட்டினால் அவருடைய மனச்சாட்சியை முன்னிட்டு விட்டுவிடுக என்பது கொரிந்தியருக்குப் பவுல் கூறிய அறிவுரை. மகனும் சரி, மகளும் சரி, தாயும் சரி, அதை வாசித்து ஒரு முடிவுக்கு வரட்டும். லயத்திலோ பெண்கள் இதற்குத் தாமே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். படையலுக்கு முன்னரே ஒரு பங்கைத் தனியே எடுத்துவைத்து, "இது சாமிக்கு வைக்காதது அக்கா, பிள்ளைகளுக்குக் கொடுங்க" என்று கொடுத்தனுப்பும் அயல்வீட்டாரும் உண்டு. நத்தார்க் காலையில் அதே பாத்திரம் பலகாரத்தோடு திரும்பிப் போகும். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை.