பாலைவனத்தில் பெண்களுக்கென ஒரு தியானக் கூடம்

சென்ற வாரம் ரங்கூனில், பர்மிய தியான ஆசிரியர் ஊ பா கின்னின் தியான மையத்தில் நிறுத்தியிருந்தோம். அவருடைய மாணவர்களில் கோயங்காவை நமக்குத் தெரியும். நம் ஊரில் பலரும் போய்வரும் பத்து நாள் விபாசனா முகாம்கள் அவர் வழி வந்தவை. அதே ஆசிரியரிடம் பயின்ற ரூத் டெனிசனை இங்கே அதிகம் பேர் அறிய மாட்டார்கள்.

1922இல் கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின் முடிவில் அந்த மண்ணின் பெண்கள் பட்ட பாட்டைத் தானும் பட்டவர். பின்னர் அமெரிக்காவில் குடியேறி, கணவருடன் பர்மா சென்றார். தியானம் கற்பிக்க ஊ பா கின் அனுமதித்த மேற்கத்தியர் சிலரில் இவரும் ஒருவர். 1977இல் கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பாலைவனத்தில் ‘தம்ம தேனா’ மையத்தைத் தொடங்கினார். உட்கார்ந்து மட்டுமல்ல, நடந்தும் படுத்தும் ஆடியும் உடலைக் கவனிக்கச் சொன்னார். மரபுவாதிகள் முகம் சுளித்தார்கள். அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

அமெரிக்காவில் பெண்களுக்கென்றே பௌத்த தியான முகாமை முதலில் நடத்தியவரும் அவரே. பெண்ணிய இயக்கத்திலிருந்த லெஸ்பியன் பெண்கள் பலர் அங்கே வந்து சேர்ந்தார்கள். எழுத்தாளர் சாண்டி பௌச்சர் அவர்களில் ஒருவர். டெனிசனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். இன்னொரு மாணவி அரின்னா வைஸ்மன், பிற்காலத்தில் பால்புதுமையினருக்கென்றே முகாம்கள் நடத்தினார்.

தியானத்துக்குப் போய்த் தனிக் கூட்டம் எதற்கு, ‘நான்’ என்பதைக் கரைக்கத்தானே அங்கே போகிறோம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் விபாசனா உடலில் தொடங்குகிறது. உச்சி முதல் பாதம் வரை எழும் ஒவ்வொரு உணர்வையும் விலக்காமல் பார்க்க வேண்டும். யாரை நேசிக்கிறாள் என்பது வெளியே தெரிந்துவிடுமோ என்று நாளெல்லாம் தன்னையே காவல் காக்கும் பெண் எப்படிப் பார்ப்பாள்? மௌனம் கலைந்ததும் பக்கத்தில் இருப்பவர் “உங்க வீட்டுக்காரர் என்ன செய்கிறார்?” என்று கேட்பார். அந்தப் பயம் முதல் நாளே நெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடும். மறைத்தே ஆக வேண்டிய ஒன்றைக் கவனிக்கவும் முடியாது, கரைக்கவும் முடியாது.

பயத்துக்குக் காரணமும் இருந்தது. 1997 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில் தன்பால் ஈர்ப்புள்ள பௌத்தர்களைத் தலாய் லாமா சந்தித்தார். அவர்களுக்குச் சம உரிமை வேண்டும், வன்முறை கூடாது என்றார். கூடவே, தம் மரபு நூல்களின்படி அது தகாத காமம் என்பதையும் மறைக்கவில்லை. பாலி மொழியின் ஐந்து சீலங்களிலோ அப்படியொரு தடை சொல்லப்படவில்லை. இதைப் படித்தறிந்து சொல்லவும் தங்களுக்கென்று ஒரு சங்கம் அந்தப் பெண்களுக்குத் தேவைப்பட்டது.

டெனிசன் 2015இல் காலமானார். தியான முகாம் நடத்தும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் விண்ணப்பத்தில் ‘கணவர் பெயர்’ என்றொரு கட்டம் இருந்தால், அடுத்த முகாமுக்கு முன் எடுத்துவிடுங்கள்.

(தொடரும்)