முதுமையில் இரு சக்கர வாகனம்: சட்டத்தில் வயது வரம்பு இல்லை, எப்போது, எவ்வாறு குறைத்துக்கொள்வது?

திருப்பதி: இந்தியாவில் இரு சக்கர வாகனம் ஓட்டுவதற்குக் குறைந்தபட்ச வயது உண்டு, அதிகபட்ச வயது கிடையாது. எழுபது வயதிலும், எண்பது வயதிலும்கூட ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. எப்போது நிறுத்துவது என்ற கேள்விக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விடை கிடைப்பதில்லை. அந்தக் கேள்வி வீட்டில்தான் எழுகிறது. அதுவும் பெரும்பாலும் வண்டியோடு ஒருமுறை சரிந்து விழுந்த பிறகே எழுகிறது.

ஆந்திர மாநிலத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இது வெறும் பாதுகாப்புப் பிரச்சினை அன்று. 2022 ஏப்ரல் 4ஆம் தேதி பிரிக்கப்படும் வரை பெரும்பாலும் ஒரே மாவட்டத்தின் கீழ் இருந்த இப்பகுதிகளில், பால் கேனைக் கொள்முதல் நிலையத்தில் சேர்ப்பதும், மாந்தோப்பைப் பார்த்துவருவதும், உரம் வாங்குவதும், காணிப்பாக்கம் விநாயகரைத் தரிசிப்பதும் பலருக்கு மொபெட்டிலோ மோட்டார் சைக்கிளிலோதான் நடக்கின்றன. ஒரு முதியவரிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டால், அவர் இத்தனைக்கும் பிறரை எதிர்பார்த்து நிற்க வேண்டிவரும். பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் பணிபுரியும் வீடுகளில் எதிர்பார்ப்பதற்கும் ஆள் இருப்பதில்லை.

மறுபுறம், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதே ஆண்டில் தலைக்கவசம் அணியாததால் இறந்தவர்கள் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் பின்னிருக்கையில் அமர்ந்து சென்றவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்ட பின், 50 வயது முதல் 55 வயதுக்குள் உரிமம் பெறுபவருக்கு அல்லது புதுப்பிப்பவருக்கு அது 60 வயது வரை செல்லும். 55 வயதுக்கு மேல் ஒவ்வொரு முறையும் ஐந்து ஆண்டுகளுக்கே புதுப்பிக்கப்படும். நாற்பது வயதைக் கடந்தவர்கள் மருத்துவரின் சான்றிதழை, அதாவது படிவம் 1ஏவை, இணைக்க வேண்டும். காலாவதியான உரிமத்துக்கு முன்பு இருந்த 30 நாள் சலுகை இப்போது இல்லை. காலாவதியாகி ஓராண்டு கடந்துவிட்டால் மீண்டும் ஓட்டுநர் தேர்வுக்கு உட்பட வேண்டும்.

உரிமம் காலாவதியானதைக் கவனிக்காமல் ஓட்டுவது முதியவர்களிடையே அரிதன்று. அபராதத்தைவிடப் பெரிய இழப்பு இதில் உள்ளது. வாகன உரிமையாளரே ஓட்டிச் சென்று விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ கிடைக்கக்கூடிய ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கு, செல்லத்தக்க உரிமம் இருப்பது முக்கிய நிபந்தனை.

நோய் அல்லது உடற்குறை காரணமாக ஒருவர் ஓட்டத் தகுதியற்றவர் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால், உரிமத்தை ரத்து செய்யவும், மருத்துவச் சான்று கேட்கவும் சட்டத்தின் 16ஆவது பிரிவு அதிகாரம் அளிக்கிறது. ஆனால் அலுவலகத்துக்கு யாராவது தெரிவித்தாலன்றி இந்தப் பிரிவுக்கு வேலை இல்லை. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பெறப்படும் ஒரு கையொப்பத்தை மட்டுமே நம்பியிருப்பது போதாது. 65 வயதில் தெளிவாக இருந்த கண் 68 வயதிலும் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

உடலில் நிகழும் மாற்றங்கள்

முதலில் மாறுவது இரவுப் பார்வை. அறுபது வயதில் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதில் அடைந்ததில் மூன்றில் ஒரு பங்கு அளவே என்பது கண் மருத்துவத்தில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கண்மணி சுருங்குவதும், விழிவில்லை மஞ்சளாகி மங்குவதும் இதற்குக் காரணங்கள். எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கு கண்ணைக் கூசச் செய்தபின் பார்வை பழைய நிலைக்குத் திரும்பவும் கூடுதல் நேரம் பிடிக்கிறது. கண்புரை தொடங்கியிருந்தால் இந்தக் கூச்சம் பன்மடங்காகும். கண்புரையை அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். கண் நீர் அழுத்த நோய் அப்படிப்பட்டதன்று. அது பக்கவாட்டுப் பார்வையை மெல்ல மெல்லக் குறைப்பதால், நேரே உள்ள எண் பலகையைத் தெளிவாகப் படிப்பவருக்கும் சந்திலிருந்து வரும் ஆட்டோ தெரியாமல் போகலாம். உரிமத்துக்கான படிவம் கேட்பதோ, பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் எண் பலகை தெரிகிறதா என்பதைத்தான். ஆகவே 60 வயதைக் கடந்து வண்டி ஓட்டுபவர், கண்ணாடிக் கடையில் பவர் மட்டும் பார்த்துக்கொள்ளாமல், கண் அழுத்தத்தையும் பார்வைப் புலத்தையும் சோதித்துக்கொள்வது அவசியம். திருப்பதியில் கண் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை.

அடுத்தது, எதிர்வினை நேரம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர் கடக்கிறது. பிரேக்கைப் பிடிப்பதில் அரை நொடி தாமதித்தால் வண்டி ஏழு மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். அனுபவசாலிகள் இந்தக் குறையை முன்யோசனையால் ஈடுகட்டுகிறார்கள் என்பதும் உண்மையே. மெதுவாகச் செல்கிறார்கள், இடைவெளி விடுகிறார்கள். எதிர்பாராமல் நாய் குறுக்கே ஓடிவரும்போது அந்த முன்யோசனைக்கு இடமிருப்பதில்லை.

முழங்கால், இடுப்பு, கழுத்து ஆகியவற்றைப் பற்றிப் பேசுவோர் குறைவு. காரில் உள்ளவர் சிக்னலில் அமர்ந்தபடியே நிற்கலாம். இரு சக்கர வாகனத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கால் வண்டியின் எடையைத் தாங்க வேண்டும். முதியவர்கள் பலர் ஓடும் வண்டியிலிருந்து விழுவதைவிட, நிற்கும்போதும் திரும்பும்போதும் சாய்ந்து விழுகிறார்கள். இடுப்பெலும்பு முறிய அதுவே போதும். நீண்ட கால நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குப் பின் பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், வீட்டில் நன்றாக நடக்கிறோம் என்பதை வைத்து முடிவெடுக்காமல், அறுவை செய்த மருத்துவரிடம் வண்டியைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும்.

மருந்துகளும் கணக்கில் வர வேண்டும். சளி, அரிப்புக்குத் தரப்படும் சில மாத்திரைகள் தூக்கத்தைத் தருகின்றன. புராஸ்டேட் வீக்கத்துக்கான சில மாத்திரைகள் எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றலை உண்டாக்கலாம். இன்சுலினும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் உணவு தள்ளிப்போனால் சர்க்கரையைத் திடீரெனக் குறைத்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து உட்கொள்பவருக்குத் தலையில் படும் சிறு அடியும் உள்ரத்தக்கசிவாக மாறக்கூடும். இவர்கள் பக்கத்துத் தெருவுக்குச் சென்றாலும் தலைக்கவசம் இன்றிச் செல்லக்கூடாது.

எல்லாச் சாலையும் ஒன்றல்ல

ஓட்டலாமா கூடாதா என்று ஒரே கேள்வியாகக் கேட்பதால்தான் வீடுகளில் சண்டை வருகிறது. எந்தச் சாலையில், எந்த நேரத்தில், எந்த வண்டியில், யாரை ஏற்றிக்கொண்டு என்று பிரித்துக் கேட்டால் இருதரப்பும் ஒப்புக்கொள்ளக்கூடிய விடைகள் கிடைக்கும்.

சித்தூரிலிருந்து புத்தலப்பட்டு, சந்திரகிரி வழியாகத் திருப்பதி செல்வதற்கு ஏறத்தாழ 70 கி.மீ. தேசிய நெடுஞ்சாலையில் கார்களும் பேருந்துகளும் செல்லும் வேகத்துக்கும், மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் போக விரும்பாத ஒரு முதியவரின் வேகத்துக்கும் உள்ள வேறுபாடே அங்கு ஆபத்தாகிறது. மாம்பழப் பருவத்தில் தாமலசெருவு சந்தைக்கும் பழக்கூழ் ஆலைகளுக்கும் செல்லும் டிராக்டர்கள் சாலையோரம் வரிசையாக நிற்கும்; பின் விளக்கு இல்லாத டிரெய்லர் இருட்டில் தெரிவது கடினம். சித்தூரிலிருந்து பலமனேர் செல்லும் பாதையிலுள்ள மொகிலி மலைச்சாலையில் 2024 செப்டம்பரில் அரசுப் பேருந்தும் லாரியும் மோதியதில் பலர் உயிரிழந்தனர். இத்தகைய சாலைகளை முதலில் கைவிடுவது தோல்வி ஆகாது. ஊருக்குள் பகலில் சென்று வருவதை அதன்பின்னும் பல ஆண்டுகள் தொடரலாம்.

திருமலை மலைப்பாதை தனியாகச் சொல்லப்பட வேண்டியது. 1944இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதை இப்போது இறங்குவதற்கும், பின்னர் அமைக்கப்பட்ட இரண்டாம் மலைப்பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. ஏறுவதற்கு 28 நிமிடங்களுக்கும் இறங்குவதற்கு 40 நிமிடங்களுக்கும் குறைவாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது தேவஸ்தானத்தின் நடைமுறை. இறங்கும் வழியிலுள்ள கொண்டை ஊசி வளைவுகளில் கழுத்தை நன்கு திருப்பிப் பார்க்க வேண்டும். மணிக்கட்டு நெடுநேரம் உடலின் எடையைத் தாங்க வேண்டும். கியர் உள்ள வண்டியைக் குறைந்த கியரில் இறக்கினால் என்ஜினே வேகத்தைக் கட்டுப்படுத்தும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் அந்த உதவி குறைவு. பிரேக்கையே தொடர்ந்து பிடிப்பதால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கலாம். முதியவர்கள் விரும்பி வாங்கும் வண்டி இந்த ஒரு சாலைக்கு ஏற்றதன்று என்பது விந்தைதான். வனவிலங்கு நடமாட்டத்தால் 2023 ஆகஸ்டிலிருந்து பல முறை இங்கு இரு சக்கர வாகனங்களுக்கு இரவுக் கட்டுப்பாடும் விதிக்கப்பட்டது. அலிபிரியில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேருந்தில் ஏறிக்கொள்வதே தக்கது.

வண்டியை மாற்றலாமா?

சுமார் 195 கிலோ எடையுள்ள ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350ஐ ஐம்பது வயதில் தாங்கிய கால், எழுபதில் தாங்காது. 110 கிலோ அளவிலான சிறிய மோட்டார் சைக்கிளுக்கோ, 90 கிலோவுக்கும் குறைவான டிவிஎஸ் எக்ஸ்எல் 100க்கோ மாறினால் சில ஆண்டுகள் கூடுதலாகக் கிடைக்கலாம். ஸ்கூட்டரில் ஏறி அமர்வது எளிது. ஆனால் அதன் சிறிய சக்கரங்கள் பள்ளங்களில் அதிகம் தடுமாறும்; எக்ஸ்எல் வண்டியின் 16 அங்குலச் சக்கரம் கிராமச் சாலைக்குப் பொருந்துகிறது. கூடுதல் பக்கச் சக்கரங்கள் பொருத்த விரும்புவோர் முன்னதாகப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற்றுப் பதிவுச் சான்றிதழில் குறிப்பிடச் செய்ய வேண்டும். அந்த வண்டி வளைவில் சாயாது என்பதால் புதிதாகப் பழக வேண்டும். 250 வாட்டுக்கு மிகாத திறனும் மணிக்கு 25 கி.மீ.க்கு மிகாத வேகமும் கொண்ட மின் ஸ்கூட்டருக்கு உரிமமும் பதிவும் தேவையில்லை; தெருவுக்குள் அது உதவும், நெடுஞ்சாலையில் ஆபத்து.

பின்னிருக்கையில் ஒருபக்கமாக அமரும் மனைவியை ஏற்றிச் செல்வதைத் தனியாகச் செல்வதற்கு முன்பே நிறுத்துவது நல்லது. எடை ஒரு பக்கம் சாயும்போது நிறுத்துவதும் கிளம்புவதும் இருமடங்கு கடினம்.

மாற்று வழி இருந்தால்தான் நிறுத்த முடியும்

ஜப்பானில் 75 வயதைக் கடந்தோர் உரிமம் புதுப்பிக்க நினைவாற்றல் சோதனைக்கு உட்பட வேண்டும். அங்கு உரிமத்தைத் தாமாக ஒப்படைக்கும் வழியும் உண்டு. டோக்கியோவில் 87 வயது முதியவர் ஓட்டிய கார் தாயையும் மகளையும் பலிகொண்ட 2019ஆம் ஆண்டில் சுமார் 6 லட்சம் பேர் அவ்வாறு ஒப்படைத்தனர். ஒப்படைப்போருக்குப் பேருந்து, டாக்சிக் கட்டணத்தில் பல ஊர்களில் சலுகை கிடைக்கிறது. பிரிட்டனில் 70 வயதிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

இங்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. எனினும் ஆந்திர அரசுப் பேருந்துகளில் 60 வயதைக் கடந்தோருக்கு 25 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு; 2025 ஆகஸ்ட் 15 முதல் குறிப்பிட்ட வகைப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. மாதம் ரூ.4,000 முதியோர் ஓய்வூதியம் வீட்டுக்கே வந்து வழங்கப்படுவதால் அதற்கென வெளியே செல்ல வேண்டிய தேவையும் குறைந்துள்ளது. குறை, கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரில்தான். பேருந்து நிற்கும் கூட்டுச்சாலையிலிருந்து ஊருக்குள் செல்லப் பங்கு ஆட்டோ பிற்பகலில் கிடைப்பது அரிது. வண்டியை நிறுத்தச் சொல்லும் பிள்ளைகள், அதன் பெட்ரோல், பராமரிப்பு, காப்பீட்டுச் செலவைக் கணக்கிட்டு, அதே தொகைக்கு ஊர் ஆட்டோக்காரரிடம் மாத ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டுப் பேசினால் பேச்சு எளிதாகும்.

ஓட்டுவதை நிறுத்திய பின் வண்டியைப் பேரனிடமோ உறவினரிடமோ சாவியோடு கொடுத்துவிடுவது வழக்கம். பதிவுச் சான்றிதழில் பெயர் மாறாதவரை அந்த வண்டி ஏற்படுத்தும் விபத்துக்குப் பதிவு பெற்ற உரிமையாளரே இழப்பீட்டுப் பொறுப்பாளி என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. மாநிலத்துக்குள் கைமாற்றினால் 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பேரன் 18 வயது நிரம்பாதவனாக இருந்து விதியை மீறினால் பாதுகாவலருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் விதிக்கச் சட்டத்தின் 199ஏ பிரிவில் இடமுண்டு.