மதகா, கலிங்கா? துப்பாக்கிக்குள் ஒரு வாயுக் கணக்கு

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது நம் வகுப்பில் பாதிப்பேர் சூரிய ஆற்றல் என்றார்கள், மீதிப்பேர் ரோபோ என்றார்கள். நான் மட்டும் துப்பாக்கி என்றதும் பேரவைச் செயலாளர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பயப்பட வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி நம் நாட்டில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. நானும் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. இது முழுக்க முழுக்க நம் தெர்மலும் மெஷின் டிசைனும் சேர்ந்த விஷயம்.

ஆரம்பித்தது என்.சி.சி. முகாமில். உஸ்தாத் ஒரு எஸ்.எல்.ஆர். ரைஃபிளைப் பிரித்துத் தார்ப்பாயில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அதில் பேரலின் மேலே ஒரு சின்ன வளையம், சுற்றிலும் எண்கள். "தம்பி, நீ மெக்கானிக்கல்தானே? இதுல நம்பர் எதுக்குப் போட்டிருக்கு?" என்றார். நான் தைரியமாக "பார்ட் நம்பர் உஸ்தாத்" என்றேன். மொத்தப் படையும் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "அது கேஸ் ரெகுலேட்டர். அதைத் தப்பா வெச்சா ரவுண்டு மாட்டிக்கும். மாட்டிக்கிட்டா என்ன ஆகும்னு சண்டைக்குப் போனவனைக் கேளு. படிச்சிட்டு வா" என்றார். அப்படிப் படித்ததுதான் இது.

முதலில் அடிப்படை. தோட்டா வெடித்ததும் பேரலுக்குள் உண்டாகும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டு வரை போகிறது. நம் நாட்டு டபிள்யூ.பி. நீராவி இன்ஜினின் பாய்லரில் இருந்தது வெறும் 210 பவுண்டுதான் என்றால் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த வாயு குண்டை முன்னால் தள்ளிக்கொண்டு போகும்போது, பேரலின் நடுவழியில் ஒரு சின்னத் துளை. குண்டு அந்தத் துளையைத் தாண்டியதும் கொஞ்சம் வாயு அதன் வழியே மேலே ஏறுகிறது. எஸ்.எல்.ஆரில் அது ஒரு பிஸ்டனைத் தட்டுகிறது. பிஸ்டன் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. காலிக் கூடு வெளியே விழுகிறது. ஸ்பிரிங் போல்ட்டைத் திரும்ப முன்னே கொண்டுவரும்போது அடுத்த ரவுண்டு ஏறிவிடுகிறது. துளைக்கு மேலே உட்கார்ந்து வாயுவை வாங்கி அனுப்பும் கட்டைக்குத்தான் கேஸ் பிளாக் என்று பெயர்.

இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் கிடைக்கிறது தெரியுமா? கணக்குப் போட்டேன். அமெரிக்க எம்-16 ரைஃபிளில் துளையிலிருந்து பேரலின் வாய் வரை சுமார் 7 அங்குலம், அதாவது 18 செ.மீ. குண்டின் வேகம் விநாடிக்கு 900 மீட்டர் சொச்சம். வகுத்தால் ஒரு விநாடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு வருகிறது. குண்டு வாயைத் தாண்டியதும் அழுத்தம் இறங்கிவிடும். அந்த ஒரு துளி நேரத்தில் சரியான அளவு வாயு போயாக வேண்டும்.

குறைந்தால் போல்ட் பாதி வழியில் நின்றுவிடும். காலிக் கூடு விழாது, அல்லது அடுத்த ரவுண்டை எடுக்காது. இது எல்லோருக்கும் புரியும். கூடினால்தான் விபரீதம். போல்ட் அவசரப்பட்டுச் சீக்கிரம் திறக்கும். அப்போது கூட்டுக்குள் அழுத்தம் இன்னும் முழுசாக அடங்கியிருக்காது. பித்தளைக் கூடு உப்பிப்போய் அறையின் சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். எக்ஸ்ட்ராக்டர் கொக்கி அதன் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வெறுங்கையோடு வந்துவிடும். கூடு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பிறகு பேரல் வாய் வழியாகக் கம்பி விட்டுக் குத்தித்தான் எடுக்க வேண்டும்.

உஸ்தாத் சொன்னதன் அர்த்தம் எனக்கு வியட்நாம் கதையைப் படித்தபோதுதான் விளங்கியது. எம்-16இல் பிஸ்டன் கிடையாது. யூஜின் ஸ்டோனர் என்ற அமெரிக்கர் செய்த வடிவமைப்பு அது. வாயு ஒரு மெல்லிய குழாய் வழியே நேரே போல்ட்டின் கூட்டுக்குள் போய் வேலை செய்யும். எடை குறைவு, அழகான யோசனை. ஆனால் அதில் ரெகுலேட்டர் இல்லை. துளை ஒரே அளவு. அந்த அளவு ஒரு குறிப்பிட்ட வெடிமருந்துக்காகக் கணக்கிட்டது. 1964இல் அமெரிக்க ராணுவம் வெடிமருந்தை மாற்றியது. நீளக்குச்சி வடிவ மருந்து போய், உருண்டை வடிவ மருந்து வந்தது. குண்டின் வேகம் தேவையான அளவுக்கு வந்தது. உச்ச அழுத்தமும் வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் துளைக்கு எதிரே வரும்போது இருக்கும் அழுத்தம் முன்னைவிட அதிகம். போல்ட் முன்னைவிட வேகமாக ஓடத் தொடங்கியது. கூடவே புது மருந்தில் இருந்த கால்சியம் கார்பனேட் கசடாகப் படிந்தது. அறைக்குக் குரோமியம் பூச்சு இல்லை, வியட்நாம் ஈரத்தில் துரு பிடித்தது. சுத்தம் செய்யும் சாமான்கள்கூடப் போதிய அளவு கொடுக்கப்படவில்லை.

எல்லாம் ஒன்றுசேர்ந்தது. சண்டை நடுவில் கூடுகள் மாட்டிக்கொண்டன. இறந்து கிடந்தவர்களின் பக்கத்தில் பிரித்துப் போட்ட துப்பாக்கிகள் கிடந்ததாக ஒரு வீரர் வீட்டுக்கு எழுதிய கடிதம் 1967இல் வெளியே வந்து பெரிய பிரச்சினையானது. அந்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று விசாரித்தது. பிறகு அறைக்குக் குரோமியம் பூசினார்கள், பஃபரை மாற்றி வேகத்தைக் குறைத்தார்கள், சுத்தம் செய்யும் பெட்டி கொடுத்தார்கள். வீரர்கள் படிக்க வேண்டுமே என்று வில் ஐஸ்னர் என்ற புகழ்பெற்ற ஓவியரை வைத்து 1968இல் படக்கதைப் புத்தகமே போட்டார்கள். (நம் லேப் மேனுவலையும் யாராவது அப்படிப் போட்டால் அரியர் குறையும்.) எனக்கு இதில் ஆறாத விஷயம், பேரலில் ஒரு துளையைக்கூட யாரும் மாற்றவில்லை என்பதுதான். மாறியது மருந்து.

இன்று அமெரிக்காவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஏ.ஆர்.-15 ரைஃபிளைத் தனியார் உதிரி பாகங்களாக வாங்கித் தாங்களே கோத்துக்கொள்கிறார்கள். பேரல் ஒரு கம்பெனி, போல்ட் இன்னொரு கம்பெனி, தோட்டா வேறொன்று. கம்பெனிக்குக் கம்பெனி துளையின் அளவும் மாறும். குட்டைப் பேரலில் துளை அறைக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் அழுத்தம் இன்னும் அதிகம். பேரல் வாயில் சத்தம் குறைக்கும் குழாய் மாட்டினால் வாயு வெளியேறாமல் பின்னுக்குத் திரும்பும். ஆகவே அளவை மாற்றிக்கொள்ளும் கேஸ் பிளாக் அங்கே தனிச் சரக்காக விற்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. ஏரிப் பாசனத்தில் தண்ணி பாய்ச்சுகிறவர். கேட்டுவிட்டு, "மதகுல அடைக்கிறதா, கலிங்குல விடறதா?" என்றார். நான் மூன்று நாள் படித்துத் தெரிந்துகொண்ட இரண்டு வகையை ஒரே வரியில் சொல்லிவிட்டார்!

மதகு வகையில் வாயு போகும் வழியில் ஒரு திருகாணி நிற்கும். திருகத் திருக வழி குறுகும். பழைய பிரென் இயந்திரத் துப்பாக்கியும் இந்த ஜாதிதான். அதில் திருகாணிக்குப் பதில் நான்கு அளவுத் துளைகள், வேண்டியதைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். கலிங்கு வகையில் வாயு முழுசாகவே வரும். வேண்டாததை ஒரு திறப்பு வழியே வெளியே விட்டுவிடும். நம் எஸ்.எல்.ஆர். இந்த வகை. பெல்ஜியத்தில் பிறந்த வடிவமைப்பு. நம் நாட்டில் இச்சாப்பூரிலும் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் செய்தார்கள். அந்த எண் போட்ட வளையம்தான் கலிங்கின் வாய். மூடினால் பிஸ்டனுக்கு வாயு அதிகம், திறந்தால் குறைவு.

எது நல்லது? மதகு வகையில் வாயு வெளியே பீய்ச்சாது. ஆனால் திருகாணியின் நுனியில் கரி கெட்டிப்பட்டு, நாலு மாதம் கழித்துத் திருப்பினால் அசையாது. கலிங்கு வகை அவ்வளவு சீக்கிரம் இறுகாது. ஆனால் முன்கைப் பிடிக்குப் பக்கத்திலேயே சூடான அழுக்கு வாயு வெளியேறும். என்னைக் கேட்டால், மதகு வகையில் திருகாணியை முழுசாகக் கழற்றிச் சுத்தம் செய்ய முடிகிறதையும், 'கிளிக்' என்று தட்டு விழுந்து நிற்கிறதையும் எடுப்பேன். தட்டு இல்லாத வெறும் திருகாணி அதிர்வில் தானே நகரும். நம் வொர்க்‌ஷாப் டிரில்லிங் மெஷினில் லாக் நட் இல்லாத போல்ட் என்ன செய்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். உயிர் போகிற வேலைக்கு என்றால் எதுவும் திருப்பவே முடியாத, சரியாகத் துளை போட்ட சாதா பிளாக்கே மேல்.

உலோகம் முக்கியம். அலுமினியத்தில் லேசாகச் செய்து விற்பதும் உண்டு. பேரல் எஃகு. பிளாக் உட்காரும் இடத்தில் பேரலின் விட்டம் 0.750 அங்குலம் என்று வையுங்கள், 19 மி.மீ. சூடு 200 டிகிரி ஏறினால் எஃகு விட்டத்தில் 0.046 மி.மீ. விரியும், அலுமினியம் 0.088 மி.மீ. இரண்டுக்கும் நடுவே 0.04 மி.மீ. இடைவெளி விழுந்துவிடும். வாயு கசிய இது தாராளம். ஆகவே எஃகுதான். விட்டத்திலும் 0.625, 0.750, 0.936 என்று பல அளவு இருப்பதால் வெர்னியர் வைத்துப் பார்க்காமல் வாங்குகிறவர் ஏமாறுவார்.

வாங்கியதைவிடப் பொருத்துவதில்தான் அதிகம் தவறுகிறார்கள். துளை ஒன்றரை மி.மீ. சொச்சம்தான். பிளாக்கின் துளை அதன் மேல் நேராக உட்காராமல் அரை மி.மீ. தள்ளிவிட்டாலே வழியில் நல்ல பங்கு அடைபட்டுவிடும். "வாயு போதவில்லை" என்று பேரல் துளையைப் பெரிசாக்குகிறவர்கள் உண்டு. அது பெரிய பிழை. 1.5 மி.மீ. துளையை 2 மி.மீ. ஆக்கினால் விட்டம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, பரப்பு முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. போட்ட துளையைச் சின்னதாக்கவும் முடியாது.

சரிசெய்யும் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். குறைந்த வாயுவில் ஆரம்பித்து, படிப்படியாகக் கூட்டி, ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் குளிருக்கும் தூசிக்குமாக ஒன்றிரண்டு தட்டு கூட்டி விட்டுவிடுவது.

துறைக் கண்காட்சிக்கு இதை மாடலாகச் செய்தோம். துப்பாக்கி மாதிரி எதுவும் வேண்டாம் என்று ஆசிரியர் சொல்லிவிட்டதால் சைக்கிள் பம்பு, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய், பெரிய ஊசி சிரிஞ்சு, இவ்வளவுதான். குழாயில் ஒரு கலிங்குத் துளை. திறந்திருந்தால் சிரிஞ்சு பாதி வரும், கட்டைவிரலால் மூடினால் படாரென்று கடைசிவரை ஓடி ஸ்பிரிங்கில் முட்டும். அப்பா வந்திருந்தார். எங்கள் யாரையும் விளக்க விடாமல், வந்தவர்களுக்கெல்லாம் கட்டைவிரல் வைத்துக் காட்டிக்கொண்டு சாயங்காலம் வரை அங்கேயே நின்றார்.

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்)