எஞ்சின் ஓடும்போது செயினைத் தொடாதீர்கள்

வாசலில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிற்கும் பைக். எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுந்திருக்கிறது, பின்சக்கரம் தன்பாட்டுக்குச் சுழல்கிறது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்தவர் ஓடும் செயினில் பழந்துணியைப் பிடித்து அழுக்கைத் துடைக்கிறார். சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டாம், வேலை சீக்கிரம் முடியும் என்பது அவர் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த ஊர்த் தெருவிலும் பார்க்கக்கூடிய காட்சிதான். விரல் துண்டாகி மருத்துவமனைக்கு ஓடுகிறவர்களில் சிலர் இப்படித்தான் விரலை இழக்கிறார்கள்.

42 பற்கள் கொண்ட பின் ஸ்ப்ராக்கெட் நொடிக்கு இரண்டு சுற்றுச் சுற்றினாலே, ஓரிடத்தை 84 பற்கள் கடந்துவிடும். துணியின் பிசிறு ஒன்று பல்லுக்கும் செயினுக்கும் நடுவே மாட்டினால் போதும். துணி உள்ளே போகும், அதைப் பிடித்திருக்கும் விரலும் கூடவே போகும். சுதாரித்துக் கையை இழுக்க அவகாசமே இருக்காது. கத்தி வெட்டியதைப் போல இது நேர்த்தியான வெட்டும் அல்ல; எலும்பும் ரத்தக்குழாயும் நசுங்கிவிடுவதால் ஒட்டுவது கடினம்.

அதனால் முதல் விதி: எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். டயரைப் பிடித்துக் கையால் சக்கரத்தைச் சுற்றி நிறுத்திவிட்டு, எட்டும் பகுதியைத் துடைக்க வேண்டும். அப்புறம் மறுபடி சுற்ற வேண்டும். துடைக்கிற கை ஸ்ப்ராக்கெட் பக்கம் போகாமல், செயினின் கீழ்ப்பகுதி நடுவிலேயே இருக்க வேண்டும். ஒருவர் சுற்ற இன்னொருவர் துடைப்பதும் ஆபத்து. அருகில் குழந்தைகள் இருந்தால் உள்ளே அனுப்பிவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

மீறி விபத்து நடந்துவிட்டால், துண்டான பகுதியைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி நடுவே வைக்க வேண்டும். விரல் நேரடியாகப் பனிக்கட்டியில் படக் கூடாது. காயத்தை அழுத்திக் கட்டி, 108-ஐ அழைத்து, கை அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது.

பயமுறுத்துவது இக்கட்டுரையின் நோக்கமல்ல. பைக்கில் உரிமையாளரே கவனித்துக்கொள்ளக்கூடிய பாகங்களில் முக்கியமானது செயின். ஹான்ஸ் ரெனால்ட் 1880-இல் மான்செஸ்டரில் வடிவமைத்த புஷ் ரோலர் செயினின் அமைப்பே இன்றும் தொடர்கிறது. செயின் 'நீண்டுவிட்டது' என்கிறோம். உண்மையில் தகடுகள் நீள்வதில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் பின்னும் புஷ்ஷும் உராய்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புகளின் தேய்மானம் ஒன்றுசேர்ந்து செயின் தொங்குகிறது, கவரில் இடித்துக் கடகடக்கிறது. மழையில் ஓட்டி, ஆயில் போடாமல் விட்ட வண்டியில் இது சீக்கிரமே நடக்கும்.

ஆயில் விஷயத்தில் ஒரு கெட்ட பழக்கம் ஊரெங்கும் உண்டு. சர்வீஸில் இறக்கிய கழிவு எஞ்சின் ஆயிலைச் செயினில் ஊற்றுவது. கரியும் இரும்புத்தூளும் கலந்த அந்த ஆயில் தேய்மானத்தைக் கூட்டும். ஓட்டும்போது தெறித்து டயரிலும் படும். செயின் லூப் ஸ்ப்ரேயோ, கையேடு அனுமதித்தால் 90 நம்பர் கியர் ஆயிலோதான் சரி. அதையும் கீழ்ச்செயினின் உள்பக்கம் விட வேண்டும். செயின் ஓடும்போது ஆயில் வெளிநோக்கிப் பரவும் என்பதால் பின்களுக்குள் இறங்கும். ஓ-ரிங் செயினாக இருந்தால் பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் ஆகாது. ரப்பர் வளையம் கெட்டால் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறிவிடும்.

தொய்வைப் பார்க்க, கீழ்ச்செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்து அளக்க வேண்டும். நிறைய கம்யூட்டர் பைக்குகளுக்கு 20 முதல் 30 மி.மீ. வரை அசைவு இருக்கலாம். தங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். ஓரிடத்தில் மட்டும் அளந்தால் போதாது. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, செயின் மிகவும் இறுக்கமாக இருக்கும் இடத்தில் அளவு சரியாக இருக்கும்படி வைக்க வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கிய செயின் தொய்ந்த செயினைவிடக் கெடுதல். சீட்டில் ஆள் உட்கார்ந்து ஸ்விங் ஆர்ம் மேலேறும்போது அது விண்ணென்று இழுபட்டு, கியர்பாக்ஸ் பேரிங்கைச் சோதிக்கும்.

சரிசெய்வதற்கு ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இருபக்க அட்ஜஸ்டரையும் சம அளவு திருப்ப வேண்டும். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே அடையாளத்தில் நிற்காவிட்டால் சக்கரம் கோணிவிடும். வீட்டில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் மறப்பது அடுத்த படியைத்தான். சக்கரம் பின்னுக்கு நகர்வதால் டிரம் பிரேக்கின் ராடு இழுபட்டு, பிரேக் பிடித்தபடியே நிற்கும். அப்படியே ஓட்டினால் டிரம் சூடேறும். பிரேக் மிதியின் இடைவெளியைச் சரிபார்த்து, ஆக்சில் நட்டைக் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்கி, பின்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்த பிறகுதான் வேலை முடிகிறது.

செயின் லாக்கையும் உற்றுப் பார்க்க வேண்டும். அதன் கிளிப்பின் மூடிய முனை, செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மேல்பக்கம் வரும்போது அது வண்டியின் முன்பக்கத்தைப் பார்க்கும். தலைகீழாக மாட்டிய கிளிப் எதிலாவது உரசிக் கழன்றால், ஓட்டத்தில் செயினே அறுந்து பின்சக்கரத்தைப் பூட்டிவிடக்கூடும்.

எப்போது மாற்றுவது? 428 ரகச் செயினில் ஓர் இணைப்பின் நீளம் 12.7 மி.மீ. செயினை இழுத்துப் பிடித்து 20 இணைப்புகளை அளந்தால் 254 மி.மீ. வர வேண்டும். 259-ஐத் தொட்டால் செயினின் ஆயுள் முடிந்தது. அப்போது ஒரு லிங்கை வெட்டிச் சுருக்கித் தருகிற கடைக்காரரை நம்பக் கூடாது. மீதமுள்ள இணைப்புகளும் தேய்ந்தவைதானே? செயினையும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் செட்டாக மாற்றுவதே முறை. கொக்கியாக வளைந்த பழைய பற்கள் புதுச் செயினையும் தின்றுவிடும்.

பராமரிப்பு சட்டக் கடமையும்கூட. சாதாரணக் கவனம் இருந்தாலே தெரிந்திருக்கக்கூடிய ஆபத்தான கோளாறுடன் வண்டி ஓட்டுவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆம் பிரிவின்படி குற்றம். அந்தக் கோளாறால் யாருக்காவது காயம் ஏற்பட்டால் சிறைத்தண்டனையும் உண்டு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி, பின்னால் இருப்பவரின் உடை சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் தடுப்பு இருக்க வேண்டும் என்கிறது. அழகுக்காகச் சேலைத் தடுப்பையும் செயின் கவரையும் கழற்றி வைக்கிறவர்கள், துப்பட்டாவோடு பின்னால் உட்காரும் அக்காவையும் அம்மாவையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

காசு கொடுத்து மாற்றும்போது உரிமைகளும் சேர்ந்து வருகின்றன. செயின் தயாரிப்பில் தமிழ்நாட்டுக்கே பெரிய இடம் உண்டு: ரோலான் கோவையைச் சேர்ந்த எல்.ஜி.பி. நிறுவனத்தின் தயாரிப்பு, டைமண்ட் செயின் முருகப்பா குழுமத்தின் டி.ஐ. நிறுவனத்தினுடையது. புகழ்பெற்ற எந்தப் பெயருக்கும் போலி வரலாம். அட்டைப்பெட்டியில் தயாரிப்பாளர் முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை இருக்கிறதா என்று பார்த்து, பில் கேட்டு வாங்க வேண்டும். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை.

"தேய்மானப் பொருளுக்கு வாரண்டி கிடையாது" என்று சொல்லி அனுப்பிவிடுவது ஷோரூம் வழக்கம். தேய்மானம் வேறு, தயாரிப்புக் குறை வேறு. புதுச் செயின் சில வாரங்களில் அறுந்தால் அதைத் தேய்மானம் என்று ஏற்க வேண்டியதில்லை. "வெளியில் கை வைத்துவிட்டீர்கள், வாரண்டி போய்விட்டது" என்பது இன்னொரு மிரட்டல். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தபோது, வெளியில் பழுதுபார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக் கூடாது, தவறான பழுதுபார்ப்பால் விளைந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது. அது கார் வழக்குதான், மேல்முறையீட்டுக்கும் போனது. ஆனாலும் பைக்காரரும் எடுத்து வைக்கத் தகுந்த நியாயம் அது.

குறையை முதலில் கடைக்காரருக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் அனுப்ப வேண்டும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அதுவரை பில்லையும் அறுந்த செயினையும் பத்திரமாக வைத்திருங்கள். குறையைக் கண்டறிய ஆய்வுக்கூடச் சோதனை வேண்டும் என்று ஆணையம் கருதினால் அனுப்ப வேண்டிய பொருள் அந்தச் செயின்தான். பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.